கீழேவிளை வருஷம்

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ரத்னாபாய் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அதற்குள் அறுபத்து நான்கு பேருக்குப் புட்டும் கடலைக்கறியும் செய்து மூடி வைத்துவிட்டிருந்தார். மடியில் மூன்றடுக்குத் தூக்குப் பாத்திரம். தோளில் தொங்கிய துணிப்பையில் அவருடைய கணவருக்காக மடித்த வேட்டியும் சட்டையும் இருந்தன.

"பைய போ மக்ளே. சாம்பாரு சிந்தும்" என்றார். பேரூர்க்கடை தாண்டுவதற்குள் என் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டலில் அவருக்குச் சமையல் வேலை. எனக்கு அங்கே ஒரு கட்டில். நான்கு வருடம் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்விட்டுத் திரும்பி, அடுத்து எங்கே என்று முடிவாகாமல் மூன்று மாதமாகத் தங்கியிருந்தேன். தூக்கம் சரியில்லாததால் விடியும்போதே டீ கேட்டு அடுக்களைக்கு இறங்கிவிடுவேன். மாவுக் கரண்டியோடு நின்றுகொண்டே அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"நீ எப்ப பாத்தாலும் பஸ்ஸுக்கு நிக்கிய ஆளு மாதிரி நிக்கிற. எனக்க வீட்டுக்காரரு இருந்த எடத்த விட்டு அனங்க மாட்டாரு. உங்க ரெண்டு பேரையும் மிக்ஸியில போட்டு அடிச்சா உருப்படியான ஒரு ஆளு கிட்டும்."

வீட்டுக்காரர் பெயர் சத்தியதாஸ். வயது அறுபத்து மூன்று. கிழக்கே மலையில், நெய்யாற்றில் வந்து சேரும் ஒரு காட்டாற்றுக்கு அக்கரையில், முப்பதேக்கர் என்ற குடியேற்றத்தில் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் அங்கே முப்பத்திரண்டு வீடுகள். இப்போது அவர் மட்டும்தான்.

ஒரு நாள் ரத்னாபாய் போனில் அவருடைய படத்தைக் காட்டினார். ஒல்லியான மனிதர்; கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் பார்த்தது அவருக்குப் பின்னால் இருந்த பாலத்தை. இரண்டு இரும்புத் தூண்கள், அவற்றிலிருந்து தொங்கும் கம்பிகள், நடுவில் சற்றே தொய்ந்த மரப்பலகைப் பாதை. இப்படிப்பட்ட பாலங்களைப் பார்க்க வெளிநாடுகளில் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றிருக்கிறேன். இது இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. எனக்குப் பார்க்க வேண்டும் என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு போன் வந்தது. பேசியது ஜினு, அந்தப் பக்கத்துக் காட்டு வாட்சர்.

"மாமி, ஜூன் ஒண்ணு தொட்டு இந்த வழிய அடைக்கப் போறாங்க. எங்க ஷெட்டையும் எடுக்குது. பின்ன மழை முடியும்வர இங்கோட்டு ஒரு ஆளும் வராது. மாமாக்க காலுல உள்ள புண்ணு கறுத்து வருது. சுகர் உண்டல்லோ. இப்ப கொண்டு போனா காலு கிட்டும். அல்லெங்கில் எனக்குத் தெரியாது, கேட்டிங்களா."

ரத்னாபாய் போனை வைத்துவிட்டு, அரிந்துகொண்டிருந்த முட்டைக்கோசை அரிந்து முடித்தார். பிறகு என்னிடம் வந்தார். "உனக்குப் பாலம் பாக்கணும். எனக்கு ஆளக் கூட்டிட்டு வரணும். பெட்ரோலு ஒண்ணுதானே?"

இதற்கு முன் நான்கு முறை போய் அழைத்திருக்கிறார். நான்கு முறையும் தனியாகத்தான் திரும்பினார்.

காட்டாக்கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் எழுந்து நின்றபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் எந்த வருடம் என்று பேச்சுக்காகக் கேட்டேன்.

"மேலேவிளை வருஷம்."

"அது எந்த வருஷம்?"

"இங்கிலீஷ் கணக்குல எம்பத்தெட்டு. எங்களுக்கு அது மேலேவிளை வருஷமாக்கும்."

அங்கிருந்து மலையடிவாரம் வரை பின்னாலிருந்து அவர் சொன்னவை எல்லாம் காற்றில் பாதி பறந்தன. மீதியை, வண்டியை விட்டுவிட்டு நடந்தபோது உட்கார்ந்து உட்கார்ந்து சொன்னார். சேர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது.

அந்தப் பாலத்தைக் கட்டியவன் ஒரு வெள்ளைக்காரன். மலையில் காப்பி போட்டான். காப்பிச் செடிக்கு நோய் வந்து பாதியில் விட்டுவிட்டுப் போனான். காடு திரும்ப ஏறிக்கொண்டது. பாலம் மட்டும் நின்றது. பிறகு அரிசிப் பஞ்ச காலத்தில், பாறசாலை, வெள்ளறடைப் பக்கத்துச் சபைக் குடும்பங்கள் சில அக்கரைக்குப் போய் மரச்சீனிக் கிழங்கு நட்டன. அரசாங்கத்தின் எந்த இலாகாவும் பாலத்தைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஊரே வைத்துக்கொண்டது. வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டார்கள். போல்ட் முறுக்குவது, எண்ணெய் விடுவது, பலகை மாற்றுவது எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. போல்ட்டுகள் பழைய அளவில் இருந்ததால் கடையில் விற்கும் எந்த ஸ்பேனரும் பொருந்தாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரே ஸ்பேனர்தான் பொருந்தும். முழங்கை நீளம், மூன்று கிலோ கனம்.

அறுப்பின் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்ததும், சர்ச்சுக்குள்ளேயே அந்த ஸ்பேனர் கை மாறும். கொடுப்பவர், "வடக்கேவிளை குடுத்தது" என்பார். வாங்குபவர், "கீழேவிளை வாங்கினது" என்பார். ஆள் பெயர் சொல்லக் கூடாது, வீட்டுப் பெயர்தான். சாட்சிக்கு மூன்றாவது வீட்டார் ஒருவர் நிற்க வேண்டும். அன்றிலிருந்து அந்த வருடத்துக்கே அந்த வீட்டின் பெயர். பிள்ளை பிறந்ததும், யானை வந்து வாழையை அழித்ததும் இன்ன வீட்டு வருஷம் என்றுதான் சொல்வார்கள்.

எது ஒரு வீடு என்பதற்கும் கணக்கு இருந்தது. ஒரு அடுப்பில் வெந்ததைத் தின்கிறவர்கள் ஒரு வீடு. அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்தால் முறையும் பிரியும். அப்படித்தான் இருபத்தேழு வீடு முப்பத்திரண்டு ஆனது.

முறைக்காரருக்கு ஒரு அதிகாரம் உண்டு. பாலம் சரியில்லை என்று தோன்றினால் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி அடைக்கலாம். அவர் அவிழ்க்கும்வரை யாரும் கடக்கக் கூடாது. மீறிக் கடந்து ஏதாவது நடந்தால் பழி முறைக்காரர் மேல் வராது. ஆனால் ஒரு கட்டு. ஊரில் ஒரு வீட்டிலாவது அடுப்பு எரிந்தால், வெள்ள நாட்களைத் தவிர, பாலத்தை அடைக்கக் கூடாது.

எண்பத்தேழு, கீழேவிளை வருஷம். முறை சத்தியதாசின் அப்பா யேசுவடியானுடையது. அந்த ஆவணி மாதத்தில் ஒரு பலகை முறிந்து, தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் ஆற்றில் விழுந்தாள். இரண்டு நாள் கிடந்து இறந்தாள். யாரும் யேசுவடியானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதன் பிறகு பாலத்தில் கால் வைக்கவே இல்லை.

"எனக்க கல்யாணம் இக்கரையில, எனக்க அப்பாக்க சர்ச்சுல. மாமனாரு வரல்ல. அக்கரையில நின்னு பாத்துட்டு இருந்தாரு. நான் கல்யாணச் சேலையோட பாலத்துல நடந்து போறேன், அவரு எனக்க முகத்தப் பாக்கல்ல. காலையாக்கும் பாத்தது. எந்தப் பலகையில வைக்கிறேன்னு."

"பயமா இருந்ததா?"

"பின்ன இல்லியா. முப்பது வருஷமும் பயந்தேன். தலையில மரச்சீனிச் சாக்கு, கையில பிள்ள, கீழ வெள்ளம். எனக்கு அந்த ஊரு மேல ஒரு ஆசையும் கெடையாது மக்ளே. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு மணிக்கூறு நடக்கணும். நட்டதெல்லாம் பன்னிக்கு. பன்னி விட்டது ஆனைக்கு. பணத்த வாங்கிக்கிட்டு, நெலத்தக் காட்டுக்கு விட்டுட்டு எறங்கிப் போங்கன்னு சர்க்காரு சொன்னப்ப ஒண்ணாமத்த கையெழுத்து நானாக்கும் போட்டேன்."

சத்தியதாசும் கையெழுத்துப் போட்டவர்தான். கிடைத்ததை வைத்து மகள் ஷிபா பாறசாலையில் வீடு கட்டினாள். வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த இறக்கத்துக்கு நடுவில், முப்பத்திரண்டு வருடம் சுற்றி, முறை திரும்பக் கீழேவிளைக்கு வந்தது. பாதி ஊர் காலியான சர்ச்சில் சத்தியதாஸ் ஸ்பேனரை வாங்கினார். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு வாங்குவதற்கு ஆள் இல்லை.

அடுத்த முறை மேலேவிளை வீட்டுக்கு. அவர்கள் பாலராமபுரத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போயிருந்தார்கள். சத்தியதாஸ் ஸ்பேனரைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பொட்டலத்தைப் பார்த்த கண்டக்டர் பயந்து இரண்டு முறை விசாரித்தாராம். மேலேவிளைக்காரர் காப்பி கொடுத்து உட்கார வைத்து, "சத்தியதாசா, நான் இப்ப மூணாமத்த மாடியாக்கும். எனக்கு என்னத்துக்குப் பாலம்?" என்று சிரித்தார். சத்தியதாஸ் காப்பியைக் குடித்துவிட்டு ஸ்பேனரோடு திரும்பினார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அக்கரையில் இன்னும் கீழேவிளை வருஷம்தான் நடந்துகொண்டிருந்தது.

கடைசி பஸ் நிற்கும் இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஜினு ஒரு பழைய ஜீப்போடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இல்லை. ஜீப் அவருடைய ஷெட் வரைதான் போகும். அங்கிருந்து ஒரு மணி நேரம் ஏற்றம். பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களில் சிரட்டைகள் இன்னும் தொங்கின. மூன்று இடத்தில் ரத்னாபாய் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் எழுந்திருக்கவே இல்லை.

"எனக்கு வய்யா ஜினு. இது கடைசி. இனி வர மாட்டேன்."

"போன தடவையும் மாமி இதே கல்லுல இருந்து இதேதான் சொன்னது" என்றார் ஜினு. "மாமா என்ன சொல்லுவாருன்னு நான் சொல்லட்டா? இவருக்க அடுப்பு எரியுறதுகொண்டு பாலத்த அடைக்க வய்யா. பாலம் தொறந்து கிடக்குறதுகொண்டு இவரு போவ வய்யா. இவரு போவாததுகொண்டு அடுப்பு எரியுது. சர்க்காரு ஆபீசுல கூட இப்படி ஒரு ஃபைலு நான் பாத்ததில்ல."

"அவரு விட்டுட்டுப் போனா யாரு அதுல நடக்கப் போறா?" என்று கேட்டேன்.

"எத்தன ஆளு வேணும்? போன மாசம் பைக்குல வந்த பயக்க ரெண்டு பேரு. நடு பாலத்துல நின்னு ஆடி வீடியோ எடுக்குது. மாமா இல்லெங்கில் அண்ணு ரெண்டும் கீழ. ஒவ்வொருத்தரா வான்னு அவரு கத்தினதையும் சேத்து நெட்டுல போட்டிருக்குது."

ரத்னாபாய் எழுந்து நடந்தார். அடுத்த திருப்பம் முடிந்ததும் பாலம் தெரிந்தது. படத்தில் இருந்ததைவிடச் சிறியது. நாற்பது அடி ஆழத்தில் ஆறு, மழைக்கு முந்தைய மெலிந்த ஆறு, பாறைகளுக்கு நடுவே போனது. தூணின் வார்ப்பிரும்பில் 1894 என்று புடைத்திருந்தது. அதன் மேல் பாசி. கம்பிகளில் துருவே இல்லை. எண்ணெய் மின்னியது. முறிந்த பலகைகளின் இடத்தில் பிளந்த கமுகு வரிச்சுகள் கட்டப்பட்டிருந்தன. உலகத்தில் எத்தனையோ பழைய பாலங்களைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் துடைத்து வைத்தது போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

அக்கரைத் தூணின் அடியில் கல்லில் சத்தியதாஸ் உட்கார்ந்திருந்தார். இடது காலில் கணுக்கால் வரை துணி சுற்றியிருந்தது.

"ஒவ்வொருத்தரா" என்றார். குரலில் வேறு எதுவும் இல்லை.

முதலில் ரத்னாபாய் போனார். தூக்குப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, பலகைகளின் நடுவில் கால் வைக்காமல், போல்ட் இருக்கும் ஓரமாகவே நடந்தார். சத்தியதாஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் போனேன். நடுவில் பாலம் என் மூச்சுக்கு ஏற்ப அசைந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன். அந்த நேரத்தில் எப்போது அக்கரை வரும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எனக்குப் பின்னால் ஜினு வந்தார்.

"கால காட்டுங்க" என்றார் ரத்னாபாய்.

"ஒண்ணும் இல்ல பிள்ளே. முள்ளு குத்தினதாக்கும்."

ரத்னாபாய் துணியை அவிழ்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. ரத்னாபாய் திரும்பத் துணியைச் சுற்றிக் கட்டினார். கழுவிக் கவிழ்க்க வேண்டிய பாத்திரத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"வேட்டி கொண்டு வந்திருக்கேன். மாத்துங்க. போவலாம்."

"மழை கழியட்டு."

"மழைக்கு முன்ன வழிய அடைக்கான்."

"அவன் அடைச்சா கீழ அடைப்பான். ஆளு மேல வழியா வரும். இஞ்ச பாரு, ரெண்டாம் தூணுல ஒரு போல்ட்டு லூசாயிட்டு இருக்கு. எனக்குக் குனிய வய்யாம ரெண்டு நாளா கெடக்குது. நான் போயிட்டு, எவனாவது விழுந்தா?"

"விழுந்தா விழட்டு."

"எனக்க வருஷத்துலயா?" என்றார் சத்தியதாஸ்.

 நான்கு முறையும் ரத்னாபாய் இந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். ஜினு தூரத்தில் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

வீடு பாலத்திலிருந்து இருபது அடி. சூடான தண்ணீரில் காலைக் கழுவிக் கட்டலாம் என்று சொல்லிவிட்டு ரத்னாபாய் உள்ளே போனார். நானும் போனேன். ஓடுகளுக்கு நடுவே வெளிச்சம் விழுந்தது. பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் ஒன்றும், இரண்டு பழத்தோலும் தரையில். அவர் அடுப்பின் முன் குனிந்து, தீ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சாம்பலில் கையை விட்டார். மணிக்கட்டு வரை விட்டார். கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"இது எப்ப எரிஞ்சது?" என்று வெளியே கேட்கும்படி கேட்டார்.

"வெள்ளியாழ்ச்ச" என்றது வெளியிலிருந்து குரல். "நிக்க வய்யா. ஜினு பிஸ்கட் தந்தான்."

ரத்னாபாய் சாம்பல் கையோடு வெளியே வந்தார். அவருக்கு எதிரில் நிற்கவில்லை. களைத்துப்போய்ப் பக்கத்தில் அதே கல்லில் உட்கார்ந்தார். இருவரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப முப்பதேக்கர்ல இப்ப அடுப்பு இல்ல."

"நாளைக்குப் பத்த வைப்பேன்."

"நாளைக்க கதை நாளைக்கு. இண்ணைக்கு இல்ல." பிறகு சாம்பல் கையை நீட்டி, "ஸ்பேனர எனக்குத் தாங்க" என்றார்.

"உனக்குத் தந்தா கை மாறினதாவாது. ஒரே வீடு."

"ஒரே வீடில்ல. ஆறு வருஷமா எனக்க அடுப்பு கழக்கூட்டத்துலயாக்கும் எரியுது. உங்களுக்க அடுப்பு இஞ்ச. எண்ணிப் பாருங்க. நீங்க வேற வீடு, நான் வேற வீடு."

அதைச் சொல்ல அவர் யோசித்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொன்ன பிறகு அவரே அதைக் கேட்டவர் மாதிரி இருந்தார். சத்தியதாஸ் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீ கீழேவிளை இல்லியா?"

"இல்ல."

"எப்ப தொட்டு?"

"நீங்க வராத அண்ணு தொட்டு."

 சத்தியதாஸ் துணி சுற்றிய காலை இரண்டு கையாலும் தூக்கிச் சற்றுத் தள்ளி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"பொம்பள வாங்கினது கெடையாது" என்றார்.

"வாங்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"சொன்னதில்ல." பிறகு, "சாட்சிக்கு மூணாமத்த வீடு வேணும்" என்றபடி என்னைப் பார்த்தார். "நீ எந்த வீடு மக்ளே?"

கழக்கூட்டத்துக் கட்டில் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. "நானும் ஹாஸ்டல்லதான்" என்றேன்.

"இவ வைக்கியத தின்னுற ஆளா?"

"ஆமா."

"அப்ப நீயும் இவளுக்க வீடு. ஆவாது."

ஜினு பீடியைக் காலால் தேய்த்தார். "மாமா, எனக்க வீடு குற்றிச்சல்ல. தனி அடுப்பு. கேஸு. போதுமா?"

சத்தியதாஸ் தலையாட்டினார். "சர்ச்சுல வைச்சுத்தான்" என்றார்.

சர்ச் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கூரை விழுந்துவிட்டது. பன்றிகள் தோண்டிய தரையில் ஈரமண் கிடந்தது. ஜினு தோள் கொடுத்து அவரை நடத்தி வந்தார். சத்தியதாஸ் பலிபீடம் இருந்த மேடையின் முன் நின்று, செருப்பைக் கழற்றினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஸ்பேனரைத் துண்டால் துடைத்து இரண்டு கையிலும் நீட்டினார்.

"கீழேவிளை குடுத்தது."

ரத்னாபாய் கையை நீட்டினார். பெயர் சொல்ல வேண்டும். விளை என்று சொல்ல அவருக்கு நிலம் இல்லை. மகள் வீட்டுப் பெயர் மகளுடையது. சத்தியதாஸ் காத்திருந்தார். ஜினு தொண்டையைச் செருமினார்.

"ஹாஸ்டல் அடுக்களை வாங்கினது" என்றார் ரத்னாபாய்.

யாரும் சிரிக்கவில்லை. சத்தியதாஸ் உடனே விடவும் இல்லை. சற்று நேரம் ஸ்பேனரில் நான்கு கைகள் இருந்தன. பிறகு அவர் விட்டார். மூன்று கிலோ கனத்தில் ரத்னாபாயின் கைகள் ஒரு சாண் கீழே இறங்கின.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ரத்னாபாய் வேட்டியை மாற்றச் சொன்னார். அவர் மாற்றினார். எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, ஒரு வேதப்புத்தகத்தையும் வெட்டுக்கத்தியையும் காட்டினார். ரத்னாபாய் கத்தியை ஜினுவிடம் கொடுத்து, ஒரு மூங்கில் வெட்டச் சொன்னார்.

திரும்பும்போதும் ஒவ்வொருவராகத்தான் வந்தோம். ஜினு மூங்கிலோடு முதலில் வந்தார். அடுத்து நான். நடக்க முடியாத சத்தியதாஸ் உட்கார்ந்து, பலகை பலகையாகக் கைகளை ஊன்றி நகர்ந்து வந்தார். ஒவ்வொரு பலகையையும் தடவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கடைசியில் ரத்னாபாய்.

அவர் இக்கரைத் தூணுக்கு அருகில் வந்ததும் நின்றார். "லூசுன்னு சொன்ன போல்ட்டு எது?"

"உனக்க வலத்தக் காலுக்குக் கீழ" என்றார் சத்தியதாஸ்.

ரத்னாபாய் மண்டியிட்டு ஸ்பேனரை மாட்டினார். தினமும் அரிசி மூட்டையை இழுத்துப் போடும் கைதான். மூன்று முறுக்கில் போல்ட் இறுகியது. 

மூங்கிலைத் தூணுக்குத் தூண் வைத்து ரத்னாபாய் கயிற்றால் கட்டினார். சத்தியதாஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டி முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"கைய எடுங்க. எனக்க வருஷம்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெகு நேரம் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இப்ப எந்த வீடு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

ரத்னாபாய் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் தோரன். எல்லாம் ஆறியிருந்தது. சாம்பார் ஓரத்தில் சிந்தியிருந்தது. பாத்திர மூடியில் போட்டுப் பிசைந்து அவர் மடியில் வைத்தார்.

"தின்னுங்க. ரெண்டு நாளா ஒண்ணும் தின்னாத ஆளு."

சத்தியதாஸ் சோற்றைப் பார்த்தார். இது எந்த அடுப்பு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் உருண்டையை மெதுவாகத் தின்றார். பிறகு வேகமாகத் தின்றார்.

"உப்பு இல்ல" என்றார்.

"அறுபத்தி நாலு பேரு தின்னுது. ஒருத்தரும் சொல்லல்ல."

"அதுக அறியாத பிள்ளேளு."

"ஹாஸ்டலு வாசல்ல வாட்ச்மேன் ரூமு கேட்டு வச்சிருக்கேன்" என்றார் ரத்னாபாய். "காலு சரியானப்பறம் கேட்டத் தொறந்து அடைச்சா போதும். யாரு வாறா, யாரு போறான்னு பாக்கணும்."

"ஒவ்வொருத்தராவா?" என்றார் ஜினு. சத்தியதாஸ் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பருக்கை மீதியில்லாமல் தின்று, மூடியை ரத்னாபாயிடம் நீட்டினார்.

இறக்கத்தில் ஜினு அவரை முதுகில் சுமந்தார். நான் பையையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். ஸ்பேனரை ரத்னாபாய் யாரிடமும் கொடுக்கவில்லை. ஷெட்டை அடைந்தபோது மணி மூன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விடலாம், ஞாயிறென்றாலும் கேஷுவாலிட்டியில் ஆள் இருக்கும் என்றார் ஜினு. இருவரையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினோம். காலை நீட்டி வைக்க ஒரு சாக்கை மடித்துப் போட்டோம். பஸ் நிற்கும் இடம் வரை நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

"நீ நேரே ஹாஸ்டலுக்குப் போ மக்ளே" என்றார் ரத்னாபாய். "அடுக்களையில ஜெயஷீலாகிட்ட சொல்லு, நாலு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ உளுந்து நனைக்கணும். நான் வர ராத்திரி ஆவும். அவ மறந்திருப்பா."

"நான் நனைச்சு வைக்கிறேன் ஆன்ட்டி."

"உனக்கு அளவு தெரியாது. அவகிட்ட சொல்லு."

சாலை குண்டும் குழியுமாக இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். ரத்னாபாய் கம்பியில் தலை மோத மோதத் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் மடியில் கிடந்தது. அதன் கனம் அவர் தொடையை அழுத்துவதைச் சத்தியதாஸ் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக ஒரு கையை நீட்டி அதைத் தூக்கித் தன் பக்கம் வைக்கப் பார்த்தார்.

தூக்கத்திலேயே ரத்னாபாயின் விரல்கள் அதன் மேல் இறுகின.

சத்தியதாஸ் கையை எடுத்துவிட்டு, அவர் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் தன் துண்டை மடித்து வைத்தார்.